அல்லாஹ்வின் பெயருக்கு ஒரு தீனார்

(ஜும்ஆ உரை, கொடுங்கையூர்)

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும், அவர்கள் வழி நடந்த நல்லோர் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு உபதேசம் செய்துகொள்கிறேன்.

நேற்று ஒரு நாளில் மட்டும் அல்லாஹ்வின் பெயரை எத்தனை தடவை சொன்னீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். தொழுகையில் சொன்னதைச் சேர்க்க வேண்டாம். பள்ளிவாசலுக்கு வெளியே சொன்னதை மட்டும் எண்ணுங்கள். மூலக்கடையிலிருந்து எருக்கஞ்சேரி வரை நடந்தாலே போதும். நம்மவர் கடைப் பலகையில் 786 இருக்கிறது. ஆட்டோவின் முன்கண்ணாடியில் மாஷா அல்லாஹ் இருக்கிறது. பிரியாணி அண்டாவைத் திறக்கும்போது பிஸ்மில்லாஹ் சொல்கிறோம். வாங்கிய கடனை நாளைக்குத் தந்துவிடுவதாகச் சொல்லி, கூடவே இன்ஷா அல்லாஹ்வைச் சேர்த்துக்கொள்கிறோம். விலையைக் குறைத்துக் கேட்கிறவரிடம், அசலே இவ்வளவு ஆகிறது என்று வல்லாஹி போட்டுச் சொல்கிறோம்.

இத்தனை இடத்தில் நம் ரப்புடைய பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்குக் கீழே நடக்கிற வியாபாரம் எப்படி இருக்கிறது? தராசு எப்படி இருக்கிறது? சொன்ன நாளில் பணம் போய்ச் சேருகிறதா? நாம் இன்ஷா அல்லாஹ் என்று சொன்னதும், இந்தப் பணம் வரப்போவதில்லை என்று கடன் கொடுத்தவர் முடிவு செய்துகொள்கிறார் என்றால், அந்த வார்த்தையை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது யார்? நாம்தானே?

இன்றைக்கு உங்களுக்கு ஒரு துணி வியாபாரியின் வாழ்க்கையைச் சொல்லப் போகிறேன். அவர்களை மார்க்கச் சட்டத்தின் மாபெரும் இமாமாகத்தான் நீங்கள் அறிந்திருப்பீர்கள். நிகாஹ், வாரிசுரிமை, தொழுகையில் கை கட்டும் இடம் வரைக்கும் அவர்களுடைய மத்ஹபின்படி நடக்கிறவர்கள் இந்த ஜமாஅத்தில் அதிகம். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கமிருந்து வந்து குடியேறிய ஷாஃபிஈ சகோதரர்களும் இருக்கிறீர்கள். இன்று நான் சொல்லப்போவது மஸ்அலா இல்லை. இமாம் அவர்கள் கடையில் எப்படி இருந்தார்கள் என்பதைத்தான். அதில் மத்ஹப் வேறுபாடு கிடையாது.

கூஃபாவின் துணிக்கடை

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் இயற்பெயர் நுஃமான். தந்தையின் பெயர் ஸாபித். ஹிஜ்ரி 80-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 699-இல், இராக்கின் கூஃபா நகரத்தில் பிறந்தார்கள். உமையா கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வானின் ஆட்சிக்காலம் அது. இமாமின் குடும்பம் பாரசீக வம்சாவளியில் வந்த குடும்பம், துணி வியாபாரம் செய்த குடும்பம்.

கூஃபா பழைய ஊர் இல்லை. உமர் (ரலி) அவர்களின் காலத்தில் படைவீரர்கள் தங்குவதற்காக உண்டாக்கப்பட்ட ஊர். பிறகு அலீ (ரலி) அவர்கள் அதைத் தலைநகராக்கிக் கொண்டார்கள். அரபிகள், பாரசீகர்கள், யூதர்கள், கிறிஸ்தவர்கள் என்று பல வகையானவர்கள் பிழைக்க வந்து கலந்த இடம். நம் வடசென்னையும் அப்படித்தானே! துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் நம்பி எங்கெங்கிருந்தோ வந்தவர்களால் ஆனது இது. அப்படிப்பட்ட ஊரில் பக்கத்துக் கடைக்காரர் உங்கள் குர்ஆனைப் படிக்க மாட்டார். உங்களோடு செய்த கொடுக்கல் வாங்கலை வைத்துத்தான் உங்கள் மார்க்கத்தை எடை போடுவார்.

அந்தச் சந்தையில் இமாம் அவர்கள் விற்றது கஸ் என்ற துணி. பட்டும் கம்பளியும் கலந்து நெய்த விலையுயர்ந்த துணி அது. அம்ர் இப்னு ஹுரைஸ் (ரலி) அவர்களின் வீட்டில் இருந்த அந்தக் கடை ஊருக்கே தெரிந்த கடை. இந்த ஸஃப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கிறீர்கள், எத்தனை பேர் அங்கே வேலை பார்க்கிறீர்கள்! பெருநாள் நெருங்கினால் அந்தத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு கல்லாவில் இமாம் அபூஹனீஃபா அவர்கள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு மேற்கொண்டு கேளுங்கள்.

வாலிப வயதில் ஒரு நாள் இமாம் அவர்கள் கடைத்தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வழியில் கூஃபாவின் பெரிய ஆலிம் இமாம் ஷஅபீ (ரஹ்) அவர்கள் கூப்பிட்டு, யாரிடம் போய்வருகிறாய் என்று விசாரித்தார்கள். சந்தைக்குப் போவதாக இமாம் சொன்னார்கள். தாம் கேட்டது அதை இல்லை, எந்த ஆலிமின் சபைக்குப் போகிறாய் என்பதைத்தான் என்று ஷஅபீ அவர்கள் விளக்கினார்கள். அந்த இளைஞரிடம் அறிவின் ஒளி தெரிவதாகவும், கல்வியின் பக்கம் திரும்பும்படியும் உபதேசித்தார்கள். அந்தச் சொல் இமாமின் உள்ளத்தில் தங்கிவிட்டது. பிறகு ஹம்மாத் இப்னு அபீ ஸுலைமான் (ரஹ்) அவர்களிடம் சேர்ந்து 18 ஆண்டுகள் ஃபிக்ஹு கற்றார்கள். ஹிஜ்ரி 120-இல் உஸ்தாத் வஃபாத்தானபோது, நாற்பது வயதில், அவர்களுடைய இடத்தில் அமர்ந்து பாடம் நடத்த ஆரம்பித்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கல்விக்கு வந்ததால் இமாம் அவர்கள் கடையை மூடவில்லை. கூட்டாளிகளையும் ஆட்களையும் வைத்துக் கடையையும் நடத்தினார்கள், பாடத்தையும் நடத்தினார்கள். பள்ளிவாசலில் ஒரு அபூஹனீஃபா, கடையில் வேறு ஒரு அபூஹனீஃபா என்று இருந்ததே இல்லை. நம்மிடம் அந்த ஒன்றுதான் குறைகிறது.

கேட்ட விலையைவிட அதிகம் கொடுத்தவர்

ஒரு பெண்மணி பட்டுத் துணி ஒன்றை விற்பதற்காக இமாமிடம் கொண்டுவந்தார். விலை கேட்டபோது நூறு என்றார். துணியைப் பார்த்த இமாம், இது அதற்கு மேல் பெறும் என்றார்கள். அவர் இன்னொரு நூறு கூட்டினார். இன்னும் பெறும் என்றார்கள் இமாம். இப்படியே நானூறு வரை வந்தது. அப்போதும் இமாம் அதற்கு மேல் பெறும் என்று சொல்ல, அந்தப் பெண்மணிக்குத் தம்மைக் கேலி செய்கிறார்களோ என்று சந்தேகம் வந்துவிட்டது. விலை மதிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துவரும்படி இமாம் சொன்னார்கள். அவர் வந்து மதிப்பிட்டார். ஐந்நூறு கொடுத்து இமாம் அதை வாங்கிக்கொண்டார்கள்.

விற்கும்போது நேர்மையாக இருப்பதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். வாங்கும்போது? விதவை ஒருவர் அவசரத்துக்கு நகையை விற்க வருகிறார். கணவர் வைத்திருந்த பழைய இயந்திரத்தின் மதிப்புத் தெரியாமல் ஒருவர் எடைக்குப் போட வருகிறார். அவருடைய அறியாமை நமக்கு லாபமா, நம்மிடம் வந்த அமானிதமா? இமாம் அவர்கள் அதை அமானிதமாகப் பார்த்தார்கள்.

இன்னொரு முறை வயதான ஏழைப் பெண்மணி ஒருவர் வந்து, தாம் வசதியில்லாதவர், இந்தத் துணியை அடக்க விலைக்கே தர வேண்டும் என்று கேட்டார். நான்கு திர்ஹமுக்கு எடுத்துக்கொள்ளும்படி இமாம் சொன்னார்கள். விலையுயர்ந்த துணிக்கு நான்கு திர்ஹமா? கிழவியைக் கிண்டல் செய்ய வேண்டாம் என்று அவர் வருத்தப்பட்டார். இமாம் கணக்கைச் சொன்னார்கள். இரண்டு துணிகளை ஒன்றாக வாங்கியதாகவும், அதில் ஒன்றை விற்றபோதே மொத்த முதலில் நான்கு திர்ஹம் நீங்கலாக எல்லாம் வந்துவிட்டதாகவும், இந்தத் துணிக்கு அந்த நான்கு திர்ஹம்தான் பாக்கி என்றும் விளக்கினார்கள். அடக்க விலை என்று சொன்னால் அது உண்மையிலேயே அடக்க விலையாக இருந்தது. நம் கடைகளில் அடக்க விலை என்ற சொல்லுக்கு இன்று என்ன பொருள் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது சம்பவம் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். ஹஃப்ஸ் இப்னு அப்துர் ரஹ்மான் என்பவர் இமாமின் வியாபாரக் கூட்டாளி. அவரிடம் சரக்கு அனுப்பியபோது, அதில் ஒரு துணியில் குறை இருப்பதாகவும், விற்கும்போது வாங்குகிறவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்றும் இமாம் முன்கூட்டியே தெரிவித்திருந்தார்கள். ஹஃப்ஸ் எல்லாச் சரக்கையும் விற்றுவிட்டார். குறையைச் சொல்ல மறந்துவிட்டார். வாங்கியவர் யார் என்றும் தெரியவில்லை. செய்தி தெரிந்ததும் இமாம் அவர்கள் அந்தச் சரக்கின் விலை முழுவதையும் ஸதகா செய்துவிட்டார்கள். அது முப்பதாயிரம் திர்ஹம் என்று சில நூல்களில் காணப்படுகிறது.

அந்த ஒரு துணியின் விலையை மட்டும் ஒதுக்கினால் போதாதா? சட்டம் அவ்வளவுதான் கேட்டிருக்கலாம். சட்டம் தெரியாதவரா இமாம்? சட்டத்தின் எல்லை எதுவரை என்று உலகத்துக்கே கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் ஏமாந்த ஒருவருடைய காசு எந்த நாணயத்தில் கலந்திருக்கிறது என்று தெரியாத பணப்பையைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோக அவர்களுக்கு மனம் வரவில்லை.

உண்மையான சத்தியத்துக்கும் அபராதம்

இப்போது இன்றைய பேச்சின் மையத்துக்கு வருகிறேன்.

இமாம் அவர்கள் தம்மீது ஒரு கட்டுப்பாட்டை விதித்துக்கொண்டார்கள். சாதாரணப் பேச்சுக்கு நடுவில் அல்லாஹ்வின் மீது சத்தியம் செய்துவிட்டால் ஒரு திர்ஹம் ஸதகா கொடுக்க வேண்டும். ஒரு தடவை அப்படி வாய் தவறிவிட்டது, கொடுத்தார்கள். பிறகு அபராதத்தை ஏற்றிக்கொண்டார்கள்: இனிமேல் ஒரு தீனார். திர்ஹம் வெள்ளிக் காசு, தீனார் தங்கக் காசு. அந்தக் காலத்தில் ஒரு தீனாரை மாற்றினால் பல திர்ஹம்கள் கிடைக்கும்.

இது பொய்ச் சத்தியத்துக்கு விதித்த அபராதம் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். பொய்ச் சத்தியம் அவர்களுடைய வாழ்க்கையிலேயே கிடையாது. உண்மையைச் சொல்லி, அந்த உண்மைக்கு அல்லாஹ்வின் பெயரைத் தேவையில்லாமல் சாட்சிக்கு இழுத்துவிட்டதற்கு ஒரு தங்கக் காசு! துணியின் நீளத்துக்கும் நூலின் தரத்துக்கும் சாட்சி சொல்ல வானங்களையும் பூமியையும் படைத்தவனை அழைப்பதா என்ற வெட்கம் அது.

சத்தியம் செய்வதற்கு அல்லாஹ்வின் பெயரை ஒரு கருவியாக ஆக்கிக்கொள்ள வேண்டாம் என்ற அறிவுறுத்தலை அல்பகரா அத்தியாயத்தில் ஓதுகிறோம். சத்தியம் செய்து விற்கிற சரக்கு வேகமாகப் போய்விடும், ஆனால் அந்தக் காசில் பரக்கத் தங்காது என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் வியாபாரிகளை எச்சரித்திருக்கிறார்கள். இமாம் அவர்கள் இதை மனப்பாடம் செய்ததோடு நிற்கவில்லை. தம் பணப்பையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள்.

நல்லடியார்களே, இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மிம்பரில் நிற்கிறவன் உத்தமன் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஓதிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மத்ரஸா விடுமுறைக்கு ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றேன். தலையில் தொப்பி, முகத்தில் அப்போதுதான் வளர ஆரம்பித்த தாடி. மாற்று மதத்தைச் சேர்ந்த ஓர் அம்மா மகளின் வளைகாப்புக்குச் சேலை எடுக்க வந்தார். பச்சை நிறச் சேலை, 650 ரூபாய். அவருக்குப் பிடித்திருந்தது. சாயம் போகுமோ என்று மட்டும் தயங்கினார். சாயம் போகும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கட்டில் இருந்து போன சேலை ஒன்று இரண்டு நாளுக்கு முன்தான் திரும்பி வந்திருந்தது. ஆனாலும் இதே சேலையை என் தாயார் நான்கு தடவை துவைத்துவிட்டார், சாயம் போகவில்லை என்று சொன்னேன். சும்மா சொல்லவில்லை. அல்லாஹ்வின் மீது ஆணையிட்டுச் சொன்னேன். என் தாயாரிடம் அப்படி ஒரு சேலையே கிடையாது.

அந்த அம்மா என் தொப்பியைப் பார்த்தார். சாமி பெயரைச் சொல்லி ஒரு பாய் பொய் சொல்ல மாட்டார் என்று பக்கத்தில் இருந்த மகளிடம் சொல்லிவிட்டுப் பணத்தை எண்ணி வைத்தார். திரும்பி வரவேயில்லை. வந்து சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விடுமுறை முடிந்து மத்ரஸா திறந்தது. ஹனஃபி ஃபிக்ஹு நூலில் கிதாபுல் ஐமான், அதாவது சத்தியங்களைப் பற்றிய பாடம் வந்தது. நடந்துபோன ஒன்றைப் பற்றி, பொய் என்று தெரிந்தே செய்கிற சத்தியத்துக்கு யமீன் கமூஸ் என்று பெயர். கமூஸ் என்றால் மூழ்கடிப்பது. செய்தவனைப் பாவத்தில் மூழ்கடிக்கும். மற்றச் சத்தியத்தை முறித்தால் கஃப்பாரா இருக்கிறது: பத்து ஏழைகளுக்கு உணவு, அல்லது உடை, முடியாவிட்டால் மூன்று நோன்பு. ஆனால் யமீன் கமூஸுக்கு நம் மத்ஹபில் கஃப்பாரா கிடையாது. கஃப்பாரா கொடுத்துக் கரைக்கும் அளவுக்கு அது சிறிய குற்றம் இல்லை. தவ்பா ஒன்றுதான் வழி. உஸ்தாத் இதை நடத்திக்கொண்டிருந்தபோது என்னால் கிதாபிலிருந்து தலையை நிமிர்த்த முடியவில்லை. பச்சைச் சேலைதான் கண் முன்னால் நின்றது.

பாடம் முடிந்ததும் உஸ்தாதிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஹஃப்ஸ் விற்ற துணியின் சம்பவத்தைச் சொன்னார். அந்த அம்மாவைத் தேடிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும், கிடைக்காவிட்டால் அவர் சார்பில் அந்தத் தொகையை ஏழைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றார். தேடினேன். பெயரும் தெரியாது, தெருவும் தெரியாது. ஸதகா கொடுத்தேன். கணக்கு அதோடு தீர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. 650 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அல்லாஹ்வின் பெயரைச் சொன்னால் பொய் சொல்ல மாட்டார்கள் என்று ஓர் உள்ளம் வைத்திருந்த நம்பிக்கையை எதைக் கொடுத்துத் திருப்புவது?

அதனால்தான் இமாமின் தீனாரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். உண்மைக்கே அவர்கள் தங்கம் கொடுத்தார்கள். நாம் பொய்க்கு அந்தப் பெயரை இலவசமாக எடுத்துக்கொள்கிறோம்.

லாபம் எங்கே போனது?

இவ்வளவு கவனமாக வியாபாரம் செய்தவருக்கு நஷ்டம்தானே வந்திருக்கும் என்று ஷைத்தான் உங்கள் காதில் சொல்லுவான். இல்லை. இமாம் அவர்கள் வசதியாக வாழ்ந்தார்கள். நல்ல உடை உடுத்தினார்கள், நறுமணம் பூசினார்கள். ஆண்டு முழுவதும் சேர்ந்த லாபத்தில் ஆலிம்களுக்கும் ஹதீஸ் அறிஞர்களுக்கும் உணவு, உடை முதலிய தேவைகளை வாங்கிக் கொடுத்து, மீதியைப் பணமாகவும் கொடுத்தார்கள். தமக்கு நன்றி சொல்ல வேண்டாம், அல்லாஹ்வுக்கு மட்டும் சொல்லுங்கள், இது அவன் என் கையால் உங்களுக்கு அனுப்பியது என்ற பொருளில் சொல்லி அனுப்புவார்கள். குடும்பத்துக்குச் செலவு செய்தால் அதே அளவு ஸதகா. தாம் புத்தாடை எடுத்தால் அதே விலைக்கு ஆலிம்களுக்கும் ஆடை.

அந்தப் பணம் என்ன வேலை செய்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். கூஃபாவில் ஓர் ஏழைப் பையன் இருந்தான். துணி வெளுக்கும் தொழிலாளி ஒருவரிடம் வேலைக்கு விட்டிருந்தார்கள். அவன் வேலையை விட்டுவிட்டு இமாமின் பாடத்துக்கு ஓடி ஓடி வந்தான். வீட்டு வறுமையை அறிந்த இமாம், தம் பையிலிருந்து அவனுக்கு உதவித்தொகை கொடுத்து ஓதவைத்தார்கள். தீரும் முன்பே அவன் கேட்காமலேயே அடுத்த தொகையைக் கொடுப்பார்கள். அந்தப் பையன்தான் பின்னாளில் ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காஜியாக அமர்ந்த இமாம் அபூயூசுஃப் (ரஹ்). துணி வெளுத்தவர்களின் பெயரால் வண்ணாரப்பேட்டை என்று அழைக்கப்படுகிற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு இந்தச் சம்பவம் அந்நியமாக இருக்காது. நேர்மையாக வந்த லாபம் மத்ஹபையே கட்டியெழுப்பியது. அதற்குப் பெயர்தான் பரக்கத்.

ஹராம் கலந்துவிடக் கூடாது என்பதில் இமாமுக்கு இருந்த அச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். கூஃபாவில் திருடப்பட்ட ஆடு ஒன்று ஊர் ஆடுகளோடு கலந்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஓர் ஆடு அதிகபட்சம் எத்தனை ஆண்டு உயிரோடு இருக்கும் என்று இமாம் விசாரித்தார்கள். ஏழு ஆண்டு என்று பதில் வந்தது. ஏழு ஆண்டு ஆட்டிறைச்சியைத் தொடவில்லை என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். இப்படிச் செய்வது எல்லோருக்கும் கடமை இல்லை. நமக்குக் கடமையான அளவையாவது செய்கிறோமா? சென்னையில் பழைய இரும்பு வாங்கும் கடையைக் காயலான் கடை என்கிறோம். காயல்பட்டினத்து முஸ்லிம் வியாபாரிகளால் வந்த பெயர் என்று சொல்வதுண்டு. அந்தப் பெயரிலேயே நம் சமுதாயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரவில் ஒரு பையன் கொண்டுவந்து போடுகிற செம்புக் கம்பி எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் எடை போட்டால், அது எந்த வீட்டு மோட்டாரோ, எந்தக் கம்பெனியின் கேபிளோ? குப்பைக் கிடங்கில் நாள் முழுக்கப் பொறுக்கிக் கொண்டுவருகிற தாயின் மூட்டையில் ஒரு கிலோவைத் தராசு விழுங்கிவிட்டால், கடைச் சுவரில் மாட்டியிருக்கிற ஆயத்துல் குர்ஸி அந்தத் தராசுக்குத் துணை நிற்குமா?

கலீஃபாவின் சத்தியமும் இமாமின் சத்தியமும்

இமாம் அவர்களின் வாழ்க்கையின் கடைசிச் சோதனையும் சத்தியத்தில்தான் வந்தது. உமையா ஆட்சியின் இறுதிக் காலத்தில் இராக்கின் ஆளுநராக இருந்த இப்னு ஹுபைரா, காஜி பதவியை ஏற்கும்படி வற்புறுத்தினார். இமாம் மறுத்தார்கள். நாளுக்குப் பத்தாக 110 கசையடிகள் கொடுக்கப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது. பிறகு இமாம் மக்காவுக்குப் போய்ச் சில காலம் தங்கினார்கள்.

அப்பாஸிய ஆட்சி வந்தது. கலீஃபா அபூஜஃபர் மன்ஸூர் தாம் கட்டிய பக்தாதுக்கு இமாமை வரவழைத்துக் காஜி பதவியை ஏற்கச் சொன்னார். இமாம் மறுத்தார்கள். ஏற்றே ஆக வேண்டும் என்று கலீஃபா அல்லாஹ்வின் மீது சத்தியம் செய்தார். ஏற்க மாட்டேன் என்று இமாமும் அல்லாஹ்வின் மீது சத்தியம் செய்தார்கள். அருகில் நின்ற அரண்மனை அதிகாரி ரபீஉ பதறிப்போய், கலீஃபாவே சத்தியம் செய்வது தெரியவில்லையா என்று கேட்டார். சத்தியத்தை முறித்தால் கஃப்பாரா கொடுக்க என்னைவிடக் கலீஃபாவுக்குத்தான் வசதி அதிகம் என்று இமாம் பதிலளித்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். கடையில் உண்மைக்குக்கூடச் சத்தியம் செய்யத் தயங்கி, தவறினால் தீனார் கொடுத்தவர்கள், இங்கே தயங்காமல் சத்தியம் செய்தார்கள். நாக்கில் மலிவாக்காமல் காத்துவைத்த பெயர் அது. அதனால்தான் சிறையும் கசையும் எதிரே நின்றபோதும் அந்தச் சத்தியத்துக்கு எடை இருந்தது.

தாம் அந்தப் பதவிக்குத் தகுதியானவர் இல்லை என்று இமாம் சொன்னபோது, நீர் பொய் சொல்கிறீர் என்று மன்ஸூர் கூறினார். அப்படியானால் நீங்களே தீர்ப்பளித்துவிட்டீர்கள், பொய்யனைக் காஜியாக நியமிப்பது எப்படி ஆகுமாகும் என்று இமாம் திருப்பிக் கேட்டார்கள். சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஹிஜ்ரி 150, கி.பி. 767-இல், பெரும்பாலான சரித்திர நூல்களின்படி சிறையிலேயே, வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அதே ஆண்டில்தான் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் பிறந்தார்கள்.

தம் கடைசி விருப்பத்தைக்கூட இமாம் கணக்குப் பார்த்தே சொல்லியிருந்தார்கள். அபகரிக்கப்பட்ட நிலத்தில் தம்மை அடக்கக் கூடாது என்பது அந்த வஸிய்யத். அதன்படி பக்தாதின் கைஸுரான் மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டார்கள். இமாமுல் அஃளம் என்ற அவர்களுடைய பட்டப்பெயரால் அந்தப் பகுதி இன்றும் அஃளமிய்யா என்று அழைக்கப்படுகிறது. யாருடைய இடத்தையும் பிடித்துக்கொள்ள விரும்பாதவரின் பெயரை அல்லாஹ் ஓர் ஊருக்கே வைத்துவிட்டான்.

நாம் எடுத்துச் செல்ல வேண்டியது

நல்லடியார்களே, இந்த உரையிலிருந்து மூன்றே மூன்று விஷயங்களை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

ஒன்று: இன்று முதல் கொடுக்கல் வாங்கலில் வல்லாஹி வேண்டாம். வாய் தவறி வந்துவிட்டால், உண்மையாகவே இருந்தாலும், நம் வசதிக்கு ஏற்றபடி பத்து ரூபாயாவது உண்டியலில் போடுங்கள். ஒரு மாதம் செய்து பாருங்கள். அந்தப் பெயரை எவ்வளவு அலட்சியமாகப் பயன்படுத்தி வந்தோம் என்று உண்டியலே சொல்லும்.

இரண்டு: இன்ஷா அல்லாஹ் சொல்லிக் கேட்ட தவணையை ஒரு கடனாவது இந்த வாரத்துக்குள் முடியுங்கள். முடியாவிட்டால் கடன் கொடுத்தவர் நம்மைத் தேடி வரும் முன்னால் நாமே போய் நிலைமையைச் சொல்லுவோம். கண்டெய்னர் லாரி ஓட்டுகிற சகோதரர் டீசல் கணக்கில், கடை வைத்திருக்கிறவர் தராசில், வீட்டு உரிமையாளர் திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸில், அவரவர் இடத்தில் சரிசெய்துகொள்ளுங்கள்.

மூன்று: உங்களுக்கும் ஒரு பச்சைச் சேலை இருக்கும். யாரிடம் எதை மறைத்து விற்றோம் என்று உங்கள் உள்ளத்துக்குத் தெரியும். ஆள் இருந்தால் போய்த் தீருங்கள். ஆள் இல்லாவிட்டால் அவர் பெயரில் கொடுத்துவிடுங்கள். கபுருக்குப் போகும் முன்னால் தீர்க்கிற கணக்குக்குத்தான் ரூபாய் செல்லும். அதற்குப் பிறகு நம் தொழுகையையும் நோன்பையும்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

யா அல்லாஹ்! உன் பெயரைச் சொல்லி நாங்கள் செய்த தவறுகளை மன்னிப்பாயாக! எங்கள் நாவில் உன் பெயருக்குக் கண்ணியத்தையும், எங்கள் தராசில் நீதியையும், எங்கள் உழைப்பில் பரக்கத்தையும் தருவாயாக! எங்களால் ஏமாந்தவர்களுக்கு அவர்கள் இழந்ததைவிடச் சிறந்ததைக் கொடுப்பாயாக! அவர்களுடைய உரிமையைத் திருப்பிக் கொடுக்கும் தவ்ஃபீக்கை எங்களுக்கு நல்குவாயாக! இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கபுரை ஒளிமயமாக்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.